முகவரி எழுதாத நேர்ச்சை

ஜூன் 14, வெள்ளி

குழந்தையின் காய்ச்சலைக் குறித்து வையுங்கள் என்றார் டாக்டர். குறித்துவிட்டேன். காலை 98.6, மதியம் 98.4, இப்போது 98.4. அதற்குக் கீழே முழுப் பக்கம் காலியாகக் கிடக்கிறது. வெற்றுத்தாளைப் பார்த்தால் என் கை சும்மா இருக்காது.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நறுமுகைக்குச் சடாரென்று காய்ச்சல் ஏறி வலிப்பு வந்தது. நறுமுகை என் மகள். பதினோரு மாதம், இரண்டு பல். கண் மேலே சொருகிக்கொண்டது. கையும் காலும் வெட்டின. கணவர் மோகன் வேலையாகக் கரூர் போயிருந்தார். நானும் அத்தையும், அதாவது என் மாமியார் தனபாக்கியம் அவர்களும், பிள்ளையை அள்ளிக்கொண்டு ஆட்டோவில் ஓடினோம். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவதற்குள் வெட்டு நின்று, அவள் வீறிட்டு அழுதாள். அவ்வளவு அழகான அழுகையை நான் கேட்டதே இல்லை.

காய்ச்சல் வலிப்புதான், நிறையக் குழந்தைகளுக்கு வரும், ஐந்தாறு வயதில் போய்விடும், மூளைக்கு ஒன்றும் ஆகாது என்றார் டாக்டர். திரும்ப வரலாமா என்றேன். வரலாம், வந்தாலும் பயப்படாதீர்கள் என்றார். நான் நன்றாகத் தலையாட்டினேன். எம்.எஸ்சி. வேதியியல், முதல் வகுப்பு. தலையாட்ட நன்றாகத் தெரியும்.

பிரச்சினை அதில் இல்லை. இன்று அத்தை வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே சாதாரணமாகக் கேட்டார்: "கொடி, அன்னைக்கு ஆட்டோவுல முடி தர்றேன்னு நேந்துக்கிட்டியே, எந்தக் கோயிலுக்கும்மா? ஒரு நல்ல நாளா பாத்துருவோம்."

எனக்குப் பதில் தெரியவில்லை. நிஜமாகவே தெரியவில்லை. முடியைத் தருகிறேன் என்று சொன்னது ஞாபகம் இருக்கிறது. யாரிடம் சொன்னேன்?

என் முழுப்பெயர் அறிவுக்கொடி. பெயரைக் கேட்டதுமே அப்பா யார் என்று தெரிந்துவிடும். அப்பா ரயில்வே தபால் பிரிக்கும் அலுவலகத்தில் முப்பது வருஷம் இருந்தவர், வீட்டுக்கு வந்தால் கறுப்புச் சட்டைக்காரர். என் கல்யாணத்துக்கு ஐயரும் இல்லை, அக்கினியும் இல்லை. மைக் மட்டும் இருந்தது. கோயில் வாசல்வரை நான் முதலில் போனதே கல்யாணத்துக்குப் பிறகு, அத்தையின் செருப்பைப் பார்த்துக்கொள்ள.

அப்படிப்பட்டவள் இடுப்புக்குக் கீழே தொங்குகிற முடியைத் தூக்கி யாருக்கோ கொடுத்துவிட்டேன். பெறுநர் பெயர் இல்லை. சிரிப்பாக வருகிறது. சிரித்தால் பிள்ளை எழுந்துவிடுவாள்.

ஜூன் 15, சனி

வீடே ஆராய்ச்சி மண்டபமாகிவிட்டது. அத்தை ஆட்டோ போன வழியை வரிசைப்படுத்தினார். தில்லைநகரில் ஏறினோம். வழியில் ஒரு பிள்ளையார், ஒரு மாரியம்மன், குகைபோல் கட்டிய ஒரு மாதா கெபி, தூரத்தில் மலைக்கோட்டை. ஆட்டோவுக்குள்ளேயே முருகன், வேளாங்கண்ணி மாதா, நாகூர் தர்கா மூன்று படமும் ஒரே சட்டத்தில் ஒட்டியிருந்தது. எதைப் பார்த்துச் சொன்னே என்று அத்தை கேட்டார். பிள்ளையைப் பார்த்துச் சொன்னேன் அத்தை என்றேன். அது செல்லாதாம்.

"ஏதாவது ஒரு கோயில்ல எடுத்துட்டா ஆகாதா?" என்றார் மோகன்.

"ஒருத்தருக்கு நேந்ததை இன்னொருத்தருக்குக் குடுக்கறது, பந்தியில உக்காரவச்சு எலையை உருவுற மாதிரிடா. உக்காந்தவரு சும்மா போவாரா?"

மோகனுக்கு என் முடிமேல் ஆசை. பூமுடி கொடுத்தால் போதுமே, நுனியில் கொஞ்சம் கத்தரித்தால் கணக்கு முடிந்தது, பெண்களுக்கு அதுதானே வழக்கம் என்றார். அதற்கு அத்தை, அவ மொத்தமும் தர்றேன்னுல்ல சொன்னா, நானும் ஆட்டோக்காரரும் கேட்டோம் என்றார். சாட்சி இரண்டு பேர். தப்பிக்க முடியாது.

எனக்கென்னவோ இது எல்லாமே ஒரே கூத்தாகத் தெரிகிறது. நம்பிக்கை இல்லாதவளுக்கு நேர்ச்சை ஏது? கொடுக்காமல் விட்டால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது.

98.4. ஒன்றும் ஆகாது.

ஜூன் 17, திங்கள்

98.4. மூச்சு விடுகிறாள். பார்த்துவிட்டேன். இன்னொரு முறையும் பார்த்துவிட்டேன்.

ஜூன் 19, புதன்

விடுதலை. ஃபர்ஹானா போன் செய்தாள். கல்லூரி விடுதியில் என் அறைத்தோழி. நான் கல்யாணம் செய்துகொண்ட வருஷம் அவள் மூளை ஆராய்ச்சிக்குப் போனாள். பிரார்த்தனை செய்யும்போது மூளையில் என்ன நடக்கிறது என்று ஸ்கேன் எடுத்துப் பார்ப்பதுதான் இப்போது அவள் வேலை. என் கதையைச் சொன்னேன். சிரித்துச் சிரித்து அவளுக்கு இருமல் வந்துவிட்டது.

அப்புறம் விளக்கினாள். மூளைக்கு யாராவது இருக்கிறார்கள் என்று நினைப்பது பழக்கமாம். புதர் அசைந்தால் காற்று என்று நினைத்துப் படுத்தவனைப் புலி தின்றுவிட்டது. புலி என்று நினைத்து ஓடியவன்தான் பிள்ளை பெற்றான். நாமெல்லாம் ஓடியவனின் வாரிசுகள். ஆகவே பயம் வந்தால், ஆளே இல்லாத இடத்திலும் மூளை ஒரு ஆளை உட்காரவைக்கும். அதனிடம் பேரம் பேசும்.

அவ்வளவுதானே. என் மூளை என் மூளையிடம் பேசியிருக்கிறது. முடியை நானே எனக்குத் தருவதாகச் சொல்லி, நானே பெற்றுக்கொண்டேன். கணக்கு நேர். சமையலறையில் குக்கர் விசிலுக்கு ஒரு ஆட்டம் போட்டேன். நறுமுகை நாற்காலியில் உட்கார்ந்தபடியே கை தட்டினாள்.

அப்போது அவள் தும்மினாள். ஒரே ஒரு தும்மல். என் கை தானாகப் போய்ப் பின்னலைப் பிடித்துக்கொண்டது, பத்திரமாக வைத்திருக்கிற அடுத்தவர் பொருளைப் பிடிப்பதுபோல.

மூளைதான்.

ஜூன் 20, வியாழன்

அத்தை சீட்டுக் குலுக்கிப் போட்டுப் பார்த்துவிடலாம் என்றார். சாமி பெயர்களைத் துண்டுத்தாளில் எழுதி, மடித்து, விளக்கு முன்னால் போட்டுக் குழந்தையை எடுக்கச் சொல்ல வேண்டும். குழந்தை எடுப்பது சாமி எடுப்பது. எழுதும் வேலை எனக்கு, எம்.எஸ்சி. அல்லவா. சமயபுரம், பழநி, வேளாங்கண்ணி, நாகூர், அத்தை வீட்டுக் குலதெய்வம் கருப்பண்ணசாமி. ஐந்து சீட்டு. நாகூரையும் மாதாவையும் விடக்கூடாது என்று சொன்னது அத்தைதான். கேட்டவங்க யாருன்னு தெரியாதப்ப யாரையும் ஒதுக்கப்படாது என்றார்.

நறுமுகையை மணையில் உட்காரவைத்தோம். அத்தை கண்ணை மூடிக்கொண்டார். மோகனும் மூடிக்கொண்டார். நான் மூடவில்லை, அதனால் நடந்ததைப் பார்த்தேன். அவள் ஒன்றை எடுக்கவில்லை. இரண்டு கையாலும் மூன்றை அள்ளினாள். வாயில் போட்டாள். நான் விரலை விட்டுத் தோண்டி எடுப்பதற்குள் மூன்றும் கூழ்.

"சாமியை முழுங்கிட்டாளே," என்றார் அத்தை.

மிச்சம் கிடந்த இரண்டைப் பிரித்துப் பார்த்தோம். சமயபுரமும் கருப்பும். ஆக விடை முருகன், மாதா, நாகூர் ஆண்டவர் மூவருக்குள் இருக்கிறது. அந்த மூவரும் இருந்த இடம் பிள்ளையின் வயிறு. மோகன் நாளைக் காலைவரை பொறுத்திருந்து பார்க்கலாம் என்பதுபோல ஏதோ சொல்ல வாயெடுத்தார். அத்தை முறைத்த முறைப்பில் எழுந்து மாடிக்குத் துணி எடுக்கப் போய்விட்டார்.

நான் தரையில் உருண்டு சிரித்தேன். அத்தையும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். வலிப்பு வந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் இப்படிச் சிரிக்கவே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. பார்த்தாயா, உன்னால் எவ்வளவு வேலை.

ஜூன் 24, திங்கள்

ஸ்கேனுக்குள் போய் வந்தேன்.

ஃபர்ஹானாவுக்குப் பிரார்த்தனை செய்கிற பெண்கள்தான் தேவை, நான் தகுதி இல்லாதவள். ஆனால் ஆட்களை அழைப்பதற்கு முன்னால் எல்லாம் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க ஒரு சும்மா ஆள் வேண்டுமாம். நான் சும்மா ஆள். தாலி, மூக்குத்தி, தோடு, கொண்டை ஊசி எல்லாவற்றையும் கழற்றி அத்தையிடம் கொடுத்தேன். அத்தை வராந்தாவில் பிள்ளையை வைத்துக்கொண்டு, மெஷினுக்கு உள்ளே போனதும் ஒரு சாமி பேரைச் சொல்லிடும்மா, அங்கயாவது தெரியட்டும் என்றார்.

கட்டளை எளிது. திரையில் 'ஒப்பித்தல்' என்று வந்தால் மனப்பாடமான பிரார்த்தனையை மனசுக்குள் சொல்ல வேண்டும். 'பேசுதல்' என்று வந்தால் சொந்த வார்த்தையில் பிரார்த்திக்க வேண்டும். தலை அசையக்கூடாது. மனப்பாடப் பிரார்த்தனைக்கு நான் எங்கே போக? ஹைட்ரஜன், ஹீலியம், லித்தியம், பெரிலியம் என்று தனிம வரிசையை ஒப்பித்தேன். பக்தியோடுதான் சொன்னேன். மெஷின் டகடகவென்று தவில் அடித்தது.

பிறகு 'பேசுதல்' என்று வந்தது.

என்ன பேசுவது? அப்புறம், "என்ன, உள்ளேயும் வந்துட்டியா?" என்று ஆரம்பித்தேன் பாரு, அவ்வளவுதான். எங்கிருந்து வந்ததோ. பிள்ளை சீட்டைத் தின்றதைச் சொன்னேன். அத்தை உன் வீட்டு முகவரி கேட்டுப் படுத்துகிறார் என்றேன். பெயர் சொல்லாமல் ஒருத்தியிடம் இவ்வளவு முடியை வாங்குவது என்ன நியாயம் என்று சண்டை போட்டேன். ராத்திரி முழுக்க நான் பிள்ளை மூக்குக்குக் கீழே விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது உனக்குத் தெரியுமா, தெரிந்தால் வந்து கொஞ்ச நேரம் மாற்றிவிடக் கூடாதா என்றேன். அழுகை வந்தது. அதற்கு நடுவிலேயே, உனக்கு விரல் உண்டா என்று ஒரு சந்தேகம் வந்து சிரிப்பும் வந்தது.

வெளியே இழுத்ததும் ஃபர்ஹானா தலையில் அடித்துக்கொண்டாள். ஒப்பித்தல் படமெல்லாம் சுத்தம். பேசுதல் படம் மொத்தமும் கலங்கல், ஒன்றுக்கும் உதவாது. "தலையை ஆட்டாதேன்னு எத்தனை வாட்டிடி சொன்னேன். யார்கூட அப்படிச் சிரிச்சிட்டிருந்தே?"

எனக்குத் தெரியவில்லை என்றேன்.

டீ குடிக்கும்போது அவளிடம் கேட்டேன். ஒருவேளை நான் அசையாமல் இருந்திருந்தால் படத்தில் என்ன தெரியும்? சொந்தமாகப் பேசிப் பிரார்த்திக்கிறவர்களின் மூளை, பழகின மனுஷரோடு பேசும்போது எப்படி இருக்குமோ அப்படி இருக்கிறது என்று இதற்கு முன்னால் ஆய்வு செய்த சிலர் சொல்கிறார்களாம். அவள் அதைத்தான் இங்கே சோதிக்கிறாள். அப்படியானால் எதிரில் ஆள் இருக்கிறார் என்று அர்த்தமா, இல்லை என்று அர்த்தமா?

"படத்துல பேசுறவ மண்டைதான்டி விழும். கேக்கறவங்க மண்டை மெஷினுக்குள்ள இல்லையே."

அவள் ஐந்து வேளையும் தொழுகிறவள். உனக்கு இது கஷ்டமாக இல்லையா என்றேன். எங்க அம்மாகிட்ட பேசுறப்பவும் மூளை எரியத்தான் செய்யுது, அதுக்காக அம்மா இல்லைன்னு ஆயிடுமா, ஆனா அதை வச்சு அம்மா இருக்காங்கன்னும் நான் பேப்பர் எழுத முடியாது என்று சொல்லிவிட்டு என் பஜ்ஜியையும் எடுத்துத் தின்றாள்.

வராந்தாவில் அத்தை ஆவலோடு எழுந்து நின்றார். பேர் தெரிஞ்சுதா? இல்லை அத்தை, படம் கலங்கிவிட்டது. இவ்வளவு பெரிய மெஷினை வச்சுக்கிட்டு என்ன பிரயோசனம் என்றார்.

ஜூன் 26, புதன்

98.4. ரசம் உப்புக் கரித்தது. மோகன் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார், பாவம். நறுமுகை சுவரைப் பிடித்துக்கொண்டு மூன்று அடி நடந்தாள். நீ பார்த்திருப்பாய்.

எழுதும்போது 'நீ' என்று வந்துவிடுகிறது. நாட்குறிப்பு எழுதுகிற எல்லோருக்கும் அப்படித்தான் வரும் என்று நினைக்கிறேன்.

ஜூன் 28, வெள்ளி

மதியம் 101.2.

அத்தை கோயிலுக்குப் போயிருந்தார். மோகன் அலுவலகத்தில். மருந்து கொடுத்தேன், வெதுவெதுப்பான தண்ணீரில் துணி நனைத்துத் துடைத்தேன், டாக்டர் சொன்னபடி எல்லாம் செய்தேன். அப்புறம் செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. அதுதான் மோசம். நான் ஒன்றும் கேட்கவில்லை. நேர்ந்துகொள்ளவும் இல்லை. ஏற்கெனவே ஒன்று பாக்கி இருக்கும்போது புதிதாக எதைக் கொடுப்பது?

இல்லை, கேட்டேன். கொஞ்ச நேரம் கூடவே உட்கார் என்று மட்டும் கேட்டேன்.

உட்கார்ந்த மாதிரி இருந்தது. மூளை உட்காரவைக்கும் என்று ஃபர்ஹானா சொன்னது ஞாபகம் வந்தது. சரி, யார் உட்காரவைத்தால் என்ன, நாற்காலி காலியாக இல்லை. நான் பாட்டுக்கு அதைப் பார்த்துப் பேசிக்கொண்டே துடைத்தேன்.

நான்கு மணிக்கு 99.8. ஆறு மணிக்கு 98.8. வலிப்பு வரவில்லை. மருந்து வேலை செய்தது என்று மோகனிடம் சொன்னேன். அதுதான் உண்மை. மருந்துதான் வேலை செய்தது. நீ உட்கார்ந்திருந்தாய், அது வேறு.

ஜூன் 30, ஞாயிறு

அப்பா தஞ்சாவூரிலிருந்து பேத்தியைப் பார்க்க வந்தார். பலாச்சுளை வாங்கி வந்திருந்தார். அத்தை சொல்வதற்குள் நானே சொல்லிவிடலாம் என்று சாப்பாடு போடும்போதே ஆரம்பித்தேன். சாம்பார் ஊற்றும்போது ஆட்டோ, ரசத்தில் சீட்டு, மோரில் ஸ்கேன். அப்பா தலை நிமிரவில்லை. மோர்ச்சோற்றை முழுவதும் தின்று முடித்துத்தான் பேசினார்.

"நான் வளத்த பொண்ணு, ஆட்டோவுல போறப்ப மாறிட்டியா?"

அந்தக் குரலுக்குத்தான் இரண்டு வாரமாகப் பயந்தேன் என்று அப்போது தெரிந்தது. முடி போனால் வளரும். மோகனும் பழகிவிடுவார். அப்பா என்னைப் பார்க்கிற பார்வை மாறினால் என்ன செய்வேன்? ஆனாலும் பொய் சொல்ல வரவில்லை.

"மாறினேனான்னு தெரியலப்பா. யார்கிட்ட பேசினேன்னும் தெரியல. ஆனா பேசினேன். இப்பவும் பேசிட்டுத்தான் இருக்கேன்."

அப்பா கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். நெடுநேரம் நறுமுகையின் காலைப் பிடித்துக் கட்டை விரலை ஆட்டிக்கொண்டிருந்தார். எனக்குத் தாங்கவில்லை. ஏதாவது பேச வேண்டும் என்பதற்காக, உங்கள் ஆபீசில் முகவரி எழுதாத தபால் வந்தால் என்னப்பா செய்வீர்கள் என்று கேட்டேன்.

"அதுக்குன்னு ஒரு ஆபீஸ் இருக்கு. அனுப்பிருவோம். அங்க உடைச்சுப் பாப்பாங்க."

"உடைப்பாங்களா?"

"வேற வழி? உள்ள ஏதாவது துப்பு இருக்கும். எழுதற விதத்திலேயே யாருக்குன்னு தெரிஞ்சிடும் பாதி." சொல்லிவிட்டு, தான் எங்கே காலை வைத்துவிட்டோம் என்று அவருக்கே புரிந்து மீசையைத் தடவிக்கொண்டார்.

நான் அத்தையைக் கூப்பிட்டேன். அன்றைக்கு ஆட்டோவில் நான் என்ன சொன்னேன், ஒரு வார்த்தை விடாமல் சொல்லுங்கள் என்றேன். முடி தருகிறேன் என்பதைத் தவிர எனக்கு ஒன்றுமே ஞாபகம் இல்லை. அத்தைக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்றால், அதுல பேர் இல்லையேம்மா, அதை எதுக்குச் சொல்லணும்னு விட்டுட்டேன் என்றார்.

அத்தை என் குரலிலேயே சொன்னார்: "இந்தா பாரு, என் முடி மொத்தமும் எடுத்துக்கோ, இவளை விட்டுடு. என் பரீட்சைக்கு வந்தே, பிரசவத்துக்கு வந்தே, எல்லாத்துக்கும் லேட்டாத்தான் வந்தே. இன்னைக்கும் லேட்டா வந்தியோ, உனக்கும் எனக்கும் பேச்சே கிடையாது."

எனக்குக் காது சூடாகிவிட்டது. நான் ஒரு நாளும் சாமி கும்பிட்டதில்லை. ஆனால் பரீட்சை அறையில், பிரசவ அறையில், அதற்கும் முன்னால் ஸ்கூலில் அப்பா கூட்டிப்போக வரத் தாமதமான சாயங்காலங்களில் எல்லாம், பக்கத்தில் இருக்கிற யாரிடமோ முணுமுணுத்துக்கொண்டே இருந்திருக்கிறேன். அது எனக்குள் நானே பேசுவது என்று நினைத்திருந்தேன். எனக்குள் நானே பேசினால் என்னை நானே ஏன் லேட் என்று திட்ட வேண்டும்?

"இது பழைய கணக்கு போலருக்கே," என்றார் அப்பா. கோபம் இல்லை. கொஞ்சம் வருத்தம் இருந்தது. தன் வீட்டில் இத்தனை வருஷமாக யாரோ ஒருத்தர் தனக்குத் தெரியாமல் குடியிருந்திருக்கிறார் என்று தெரிந்துகொண்ட வீட்டுக்காரர் மாதிரி.

"அப்பா, நீங்க இல்லேன்னு சொன்னா—"

"நான் இல்லேன்னுதான் சொல்வேன். நாளைக்கும் சொல்வேன். நீ குடுக்கறேன்னு சொன்னியா?"

"சொன்னேன்."

"அப்ப குடுத்துடு. என்னிக்குன்னு சொல்லு, பாப்பாவை நான் வச்சுக்கறேன்."

ஜூலை 7, ஞாயிறு

ஆகிவிட்டது.

எந்தக் கோயில் என்ற சிக்கலை அத்தை தீர்த்துவைத்தார். காவேரிக்கரையில் எடுத்துவிட்டு ஆற்றில் விட்டுவிடலாம், ஆறு எல்லார் வீட்டு வாசல் வழியாவும் போகுது, யாருதோ அவங்க எடுத்துக்கட்டும் என்றார். ஃபர்ஹானாவிடம் சொன்னேன், உங்க அத்தையை எங்க டீமுக்கு அனுப்புடி என்றாள்.

காலையில் ஐந்து பேரும் போனோம். மோகன் வழி முழுக்க என் பின்னலைப் பிடித்துக்கொண்டே வந்தார். ஆற்றில் தண்ணீர் முழங்கால் அளவுதான். படிக்கட்டில் மொட்டை போடுகிறவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கிழக்குப் பார்த்து உட்காரச் சொன்னார். அப்பா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பத்துப் படி தள்ளி, சடங்குக்குச் சம்பந்தமில்லாத தூரத்தில், ஆனால் நன்றாகப் பார்க்கிற மாதிரி நின்றுகொண்டார்.

முடியைப் பிரித்து நனைத்தாயிற்று. கத்தியில் புது பிளேடு போட்டு, என் உச்சந்தலையில் கையை வைத்து, அவர் நிறுத்தினார்.

"சாமி பேரைச் சொல்லிக்கோம்மா. பேர் சொன்னாத்தான் கத்தி வைப்பேன். யாருக்கு?"

அத்தை என்னைப் பார்த்தார். மோகன் பார்த்தார். பத்துப் படிக்கு அப்பாலிருந்து அப்பாவும் பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன்.

"தெரிஞ்சவங்கதான் அண்ணே. ஆரம்பிங்க."

மொட்டை போடுகிறவர் கத்தியை ஒரு தரம் திருப்பிப் பார்த்தார். தெரிஞ்சவங்கன்னா சரி என்று சொல்லிக் கத்தியை வைத்துவிட்டார்.

அப்பா சத்தமாகச் சிரித்தார். அவர் சிரித்தது நறுமுகைக்குத் தொற்றி அவளும் சிரித்தாள். முடி மடியில் விழ விழ நானும் சிரித்தேன். ஒரு பக்கம் மட்டும் மொட்டையாக இருந்த நேரத்தில் அவள் என்னைப் பார்த்துப் பயந்து அலறி, தாத்தா கழுத்துக்குள் முகத்தைப் புதைத்தாள். முழுதும் முடிந்து, முடியை ஆற்றில் விட்டு, சந்தனம் பூசி, நான் "முகை" என்று கூப்பிட்ட பிறகுதான் குரலை வைத்து நம்பினாள். வந்து என் மண்டையில் இரண்டு கையாலும் தப்புத் தப்பென்று தட்டினாள். மெஷின் அடித்ததைவிட நல்ல தவில்.

வரும் வழியில் அப்பா கேட்டார், ரகசியம் கேட்பதுபோல: "என்ன சொன்னாங்க உன் தெரிஞ்சவங்க?"

"ஒண்ணும் சொல்லலப்பா."

"பின்ன எதுக்கும்மா இப்படிச் சிரிச்சிட்டே வர்றே?"

அவர் விடைக்காக நிற்கவில்லை. பேத்திக்குப் பேருந்தைக் காட்டிக்கொண்டே முன்னால் நடந்தார்.

இப்போது மின்விசிறிக் காற்று நேராக மண்டையில் படுகிறது. இத்தனை நாள் இந்தக் காற்றெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. 98.4. நோட்டில் பக்கமும் தீர்ந்துவிட்டது. புதுசு வாங்கப்போவதில்லை.

மீதியை உன்னிடம் நேரிலேயே சொல்லிக்கொள்கிறேன்.